உம் கொட்டாத கூட்டம்

எங்க தமிழ் மன்றத்தோட வெள்ளிக்கிழமை கூட்டத்தை இந்த செமஸ்டர்ல முழுசா ஆன்லைனுக்கு மாத்திடலாம்னு ஒரு யோசனை வந்திருக்கு. காரணம் நியாயமானதுதான். ஃபைனல் இயர்ல பாதி பேர் இன்டர்ன்ஷிப்னு சென்னையிலும் பெங்களூர்லயும் இருக்கோம். செமினார் ஹால் கிடைக்க மூணு கையெழுத்து வாங்கணும். "ப்ளஸ் டூவையே வீட்ல உக்காந்து ஆன்லைன்ல முடிச்ச செட்டு நாம. வாரம் ஒரு மணி நேரம் கூட்டம் நடத்த முடியாதா?"ன்னு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. கை தூக்கச் சொன்னப்போ நிறைய கை மேல போச்சு.

நான் தூக்கல. வேண்டாம்னும் சொல்லல. ஏன்னு சொல்லணும்னா போன வருஷத்து ரெக்கார்டிங் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்.

போன நவம்பர்ல மழை லீவு வரிசையா வந்துச்சு. கல்ச்சுரலுக்கு எந்த நாடகம் போடுறதுன்னு அவசரமா முடிவு பண்ணணும். கூகுள் மீட்ல 34 பேர். நடத்தினது நான். ரெண்டு சாய்ஸ் இருந்துச்சு. ஒண்ணு, எப்பவும் கைதட்டு வாங்குற காமெடி ஸ்கிட். இன்னொண்ணு, செகண்ட் இயர் தங்கச்சி ஒருத்தி எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட், அவங்க ஊர் டவுன் பஸ்ஸைப் பத்தி. நான் ஸ்கிட்டோட வசதிகளை அடுக்கிட்டு, "சரி, ஸ்கிட்டே போட்டுடலாம், எல்லாருக்கும் ஓகே தானே?"ன்னு கேட்டேன். சத்தமே இல்ல. "ஓகே, அப்போ ஃபிக்ஸ்."

அதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு கூட்டத்துக்கே வரல. ரெண்டு மாசம் கழிச்சு பஸ் ஸ்டாப்ல பாத்தப்போ கேட்டேன். ரொம்ப சாதாரணமா சொன்னா: "அண்ணா, அன்னிக்கு நான் மூணு தடவை பேச ஆரம்பிச்சேன். மூணு தடவையும் நீங்க பேசிட்டே இருந்தீங்க."

எனக்கு நம்ப முடியல. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு எனக்கு ஒரு நினைப்பு. ராத்திரி ரூமுக்கு வந்து அந்த ரெக்கார்டிங்கை எடுத்து ஆடாசிட்டில போட்டேன். "எல்லாருக்கும் ஓகே தானே?"ங்கிறதுக்கும் "ஓகே, அப்போ ஃபிக்ஸ்"ங்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் விட்டிருக்கேன்னு அளந்து பாத்தேன். 1.3 செகண்ட். நான் மறுபடி பேச ஆரம்பிச்ச இடத்துல, என் குரலுக்கு அடியில, "அண்..."னு ஒரு சத்தம் பாதியில அறுந்து கிடக்கு.

இந்த 1.3 செகண்டைப் பத்திதான் இந்தக் கட்டுரை.

நேர்ல பேசும்போது ஒருத்தர் முடிச்சு இன்னொருத்தர் ஆரம்பிக்கிற இடைவெளி எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க? 2009-ல ஒரு ஆராய்ச்சிக் குழு 10 மொழிகள்ல கேள்வி-பதில்களை எடுத்து அளந்தாங்க. சராசரி சுமார் 200 மில்லி செகண்ட். மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் எல்லாம் அதைச் சுத்தியேதான். (அந்த 10-ல தமிழ் இல்ல. எங்க வீட்டு சாப்பாட்டு நேரத்தை வச்சு அளந்தா மைனஸ்லதான் வரும்.) இதுல ஒரு புதிர் இருக்கு. ஒரு வார்த்தையை யோசிச்சு வாய் வரைக்கும் கொண்டு வரவே சுமார் 600 மில்லி செகண்ட் ஆகும். அப்போ 200-ல எப்படி பதில் வருது? எதிராளி முடிக்கிறதுக்கு முன்னாடியே நாம ரெடியாகிடறோம். அவரோட குரல் இறங்குறது, மூச்சு, கண் எங்க போகுது, கை எப்போ கீழ வருது, இதையெல்லாம் வச்சு எங்க முடியும்னு கணிக்கிறோம். நாமளும் பேசப் போறோம்னா சும்மா இருக்கிறதில்ல. நிமிர்ந்து உக்காருவோம், மூச்சு இழுப்போம், வாயைத் திறந்து மூடுவோம். பக்கத்துல இருக்கிறவ "சொல்லு டீ"ன்னு முழங்கையால இடிப்பா. நடத்துறவன் கண்ணுல இது பட்டுடும். தனக்கே தெரியாம கொஞ்சம் காத்திருப்பான்.

இப்போ இதையே நெட்வொர்க் வழியா அனுப்புங்க.

தூரம் பெரிய பிரச்சனையே இல்ல. கண்ணாடி இழைக்குள்ள ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகுது. சென்னைக்கும் மும்பைக்கும் நடுவுல 1,300 கிலோமீட்டர்னு வச்சா 6.5 மில்லி செகண்ட். நேரம் எல்லாம் வழியில இருக்கிற சின்னச் சின்ன வெயிட்டிங் ரூம்ல போகுது. மைக்ல வர்ற குரலை ஓப்பஸ் மாதிரி கோடெக் பொதுவா 20 மில்லி செகண்ட் துண்டா வெட்டி பாக்கெட் ஆக்கும். அது ஹாஸ்டல் வைஃபைல வரிசையில நிக்கும். சர்வருக்குப் போய் திரும்பும். பாக்கெட் எல்லாம் ஒரே சீரா வராது, ஒண்ணு சீக்கிரம், ஒண்ணு லேட். அதனால கேக்குற பக்கம் ஜிட்டர் பஃபர்னு ஒண்ணு, கொஞ்சம் பாக்கெட்டைச் சேத்து வச்சு அப்புறம்தான் ஓட விடும். ப்ளூடூத் இயர்பட்ஸ் மாட்டியிருந்தா சும்மாவே 100-ல இருந்து 200 மில்லி செகண்ட் கூடும். தொலைபேசிக்கான சர்வதேச பரிந்துரை ஒண்ணு இருக்கு, ஐ.டி.யூ.வோட ஜி.114. ஒரு பக்கம் 150 மில்லி செகண்டுக்குள்ள இருந்தா பெரும்பாலும் உறுத்தாது, 400-ஐத் தாண்டக் கூடாதுன்னு சொல்லுது. மழை நாள்ல கிராமத்து மொபைல் டவர்ல, ப்ளூடூத்தும் சேத்து, 400 வர்றது ஒண்ணும் அதிசயம் இல்ல.

தாமதம் ரெண்டு பக்கமும் சேரும்ங்கிறதை மறந்துடாதீங்க. நான் முடிச்சது அவளுக்கு 400 கழிச்சு கேக்கும். அவ உடனே, 200-ல, பதில் சொன்னாலும் அது எனக்கு இன்னொரு 400 கழிச்சுதான் வரும். மொத்தம் ஒரு முழு செகண்ட். இதுல மியூட் பட்டனை இன்னும் சேக்கல. போனைக் கையில எடுத்து, ஸ்கிரீனைத் தொட்டு, மைக் ஐகானைக் கண்டுபிடிச்சு அழுத்த ஒரு செகண்டாவது வேணும். ஆகவே என் காதுக்கு அவ குரல் வர குறைஞ்சது 2 செகண்ட். நான் விட்டது 1.3.

அவ எவ்வளவு வேகமா இருந்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்க முடியாது. என் பக்கம் அது 'ஒருத்தருக்கும் ஆட்சேபம் இல்ல'. அவ பக்கம் அது 'இவர் கேக்குற மாதிரி கேட்டுட்டு பேசவே விடல'. ரெண்டு பேரும் நெட்வொர்க்கைக் குறை சொல்லல, ஆளைத்தான் சொன்னோம். இது எங்க கதை மட்டும் இல்ல. 2014-ல வெளியான ஒரு ஆய்வு இதையே சோதிச்சுது. லைன்ல தாமதத்தைக் கூட்டினா, பேசுறவங்க அதை லைன் கோளாறா எடுத்துக்கிறதில்ல. எதிர்ல இருக்கிறவர் கவனமில்லாதவர்னு மதிப்பு போடுறாங்க.

தாமதம் பாதிக் கதைதான். மீதிப் பாதி, சத்தம்.

பாட்டிகிட்ட கதை கேட்டவங்களுக்குத் தெரியும். நடுவுல உம் கொட்டலைன்னா கதை நின்னுடும். "தூங்கிட்டியா?"ன்னு கேப்பாங்க. அந்த 'உம்'ல தகவல் ஒண்ணும் இல்ல, ஆனா அது இல்லாம கதை நகராது. ஒரு கூட்டமும் அப்படித்தான். ஹால்ல நான் பேசும்போது 'ம்ம்', 'அது சரி', பின்வரிசையில ஒரு 'க்கும்', ஒரு சிரிப்பு, நாற்காலி இழுபடுற சத்தம், இதெல்லாம் ஒரே நேரத்துல வந்துட்டே இருக்கும். ரெண்டு காது இருக்கிறதால எது எங்கிருந்து வருதுன்னு பிரிச்சுக் கேக்குறோம். காலின் செர்ரிங்கிறவர் 1953-லேயே இந்தத் திறமையைச் சோதனை பண்ணி எழுதிட்டார்.

மீட்ல என்ன ஆகுது? முதல் வேலையா எல்லாரையும் மியூட் பண்ணச் சொல்றோம். மியூட் பண்ணாதவங்களோட 'ம்ம்'மை நாய்ஸ் சப்ரெஷன் சத்தம்னு நினைச்சு அமுக்கிடும், கைதட்டும் அப்படியே போகும். பெரிய கூட்டத்துல பல சிஸ்டம்கள் அந்த நேரத்துல சத்தமா இருக்கிற சில பேரோட ஆடியோவை மட்டும்தான் முன்னுக்கு அனுப்பும். தப்பித்தவறி வர்றதும் ஒரே லேப்டாப் ஸ்பீக்கர்ல, ஒரே இடத்துல இருந்து வரும். காது பிரிக்கவே முடியாது. இன்ஜினியரா பாத்தா இதுல எதுவும் பிழை இல்ல. ஒருத்தர் பேச மத்தவங்க கேக்குறதுக்காகவே நல்லா டிசைன் பண்ணின சாமான். ஒரு கூட்டத்தோட உயிர் பேசுறவர்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு அந்த டிசைன் நினைக்குது, அங்கதான் இடிக்குது. நம்பிக்கை இல்லைன்னா அடுத்த பிறந்தநாளுக்கு 15 பேர் சேந்து கால்ல ஹாப்பி பர்த்டே பாடிப் பாருங்க. காத்துல சத்தம் 30 மில்லி செகண்ட்ல சுமார் 10 மீட்டர் போகும்; ஒரு மேடைக்குள்ள அது சமாளிக்கலாம். கால்ல 300 மில்லி செகண்ட்னா, 100 மீட்டர் கிரவுண்டோட ரெண்டு முனையில நின்னு சேந்து பாடுற மாதிரி.

இதை நம்மளை விட நல்லா தெரிஞ்சவங்க எப்படி சமாளிச்சாங்கன்னு தேடினப்போ ஒரு அருமையான கதை கிடைச்சுது. கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல ஆர்.எஃப்.சி., ஆர்.எஃப்.சி.ன்னு வருமே, அதை வெளியிடுற முக்கியமான அமைப்பு ஐ.இ.டி.எஃப். 1986 ஜனவரியில சான் டியாகோவுல 21 பேரோட முதல் கூட்டம். இப்பவும் வருஷத்துக்கு மூணு தடவை உலகத்துல ஏதாவது ஒரு ஊர்ல கூடுறாங்க. வீடியோ கால் ஓடுற ஆர்.டி.பி., ஓப்பஸ் எல்லாம் அங்க தரப்படுத்தினதுதான். வருஷம் முழுக்க வேலை இமெயில்லதான் நடக்குது. ஆனாலும் ஃப்ளைட் ஏறி வந்து கூடுறாங்க. ஏன்? 1989-ல அப்படி ஒரு கூட்டத்தோட மதியச் சாப்பாட்டு நேரத்துல, ரெண்டு பேர் உக்காந்து டிஷ்யூ பேப்பர்ல கிறுக்கினதுல இருந்து வந்ததுதான் பி.ஜி.பி., இன்னிக்கும் முழு இன்டர்நெட்டோட பாதையைத் தீர்மானிக்கிற புரோட்டோகால். அஜெண்டாவுல 'மதியச் சாப்பாடு'ன்னுதான் போட்டிருந்திருக்கும்.

அவங்ககிட்ட ஒரு விநோதமான பழக்கம். ஓட்டு எடுக்க மாட்டாங்க. "இந்த வழி சரின்னு நினைக்கிறவங்க ஹம் பண்ணுங்க"ன்னு தலைவர் கேப்பார். ஹால் முழுக்க 'ம்ம்ம்ம்'. அப்புறம் "வேண்டாம்கிறவங்க"ன்னு கேப்பார். இன்னொரு 'ம்ம்ம்'. யார் ஹம் பண்ணினாங்கன்னு தெரியாது, எத்தனை பேர்னும் எண்ண முடியாது. எவ்வளவு அழுத்தமா இருக்குன்னு மட்டும் தெரியும். இதுக்கே ஒரு ஆர்.எஃப்.சி. இருக்கு, 7282, 2014-ல வந்தது. படிக்க வேண்டிய விஷயம். 100 பேர் சரின்னு சொல்லி 5 பேர் கூடாதுன்னாலும், அந்த 5 பேரோட காரணத்துக்குப் பதில் சொல்லாத வரைக்கும் அது ஒருமித்த முடிவு ஆகாதுன்னு அது வாதாடுது. ஹம்ங்கிறது முடிவு இல்ல, எங்க ஆட்சேபம் இருக்குன்னு கண்டுபிடிச்சு பேச்சை ஆரம்பிக்கிற வழி. ஊர் முழுக்கச் சேந்து உம் கொட்டுற மாதிரி.

2020 மார்ச்ல வான்கூவர்ல நடக்க வேண்டிய 107-வது கூட்டம் கொரோனாவால ஆன்லைன் ஆச்சு. அதுல இருந்து 112 வரைக்கும் ஆறு கூட்டம், எல்லாமே ஆன்லைன். ஹம்மை என்ன பண்றது? ஜூலையில நடந்த 108-க்கு ஹம் பண்ணவே ஒரு கருவி செஞ்சாங்க. பட்டனை அழுத்தினா ஹம். முடிவு எண்ணா வராது. பியானோ, ஃபோர்ட்டேன்னு மெல்லிசா இருந்துச்சா ஓங்கி இருந்துச்சாங்கிறதைச் சொல்ற இசை வார்த்தையில வரும். அழகான ஐடியா. ஆனா நிலைக்கல. சீக்கிரமே எத்தனை பேர்னு நேரா எண்ணைக் காட்டுற 'கை தூக்கும்' கருவிக்கு மாறிட்டாங்க. எனக்குத் தோணுறது இதுதான்: ஹால்ல நம்ம ஹம்மோட சத்தத்தை நாமளா முன்கூட்டி முடிவு பண்றதில்ல. பக்கத்துல எழும்புறதைக் கேட்டு நம்மதும் ஏறுது, இல்ல தயங்குது. பட்டன்ல பக்கத்து ஆள் கிடையாது.

இதுவரைக்கும் படிச்சா ஆன்லைன் வேண்டாம்னு நான் சொல்றேன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணிட்டு இருந்துச்சு, அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேக்கப் போகும் வரைக்கும். "ஹால்ல நடந்திருந்தா நீ பேச வந்தது எனக்குத் தெரிஞ்சிருக்கும்"னு சொன்னேன். அவ சிரிச்சா. "ஹால்லயா? என் பஸ் 5:10-க்கு அண்ணா. நாலரைக்கு ஆரம்பிச்சு நீங்க டீ குடிச்சு முடிக்கவே அஞ்சு ஆயிடும். முடிவு எடுக்கும்போது நான் எந்தக் கூட்டத்துலயும் இருந்ததில்ல. முழுசா இருந்தது அந்த மீட்ல மட்டும்தான்."

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நான் 'கூட்டத்தோட உயிர்'னு மூணு வருஷமா கொண்டாடின டீ, அரட்டை, கேன்டீன் பஜ்ஜி எல்லாமே ஹாஸ்டல்காரங்களுக்கு மட்டும். டே ஸ்காலர்ஸுக்கு அது தாமதம், அவ்வளவுதான். நெட்வொர்க்கோட 400 மில்லி செகண்டை மணிக்கணக்கா ஆராய்ஞ்ச எனக்கு அரை மணி நேர டீ கண்ணுல படல.

ஐ.இ.டி.எஃப்.லயும் இது நடந்திருக்கு. விசா கிடைக்காதவங்க, டிக்கெட்டுக்குக் காசு இல்லாதவங்க எப்பவும் வெளியிலதான் இருந்தாங்க. முன்னாடி எல்லாம் ஹால்ல ஒரு ஆள் லேப்டாப்போட உக்காந்து, தூரத்துல இருக்கிறவர் சாட்ல டைப் பண்றதை மைக்குக்குப் போய் படிச்சுக் காட்டுவார். 2022 மார்ச்ல வியன்னாவுல மறுபடி நேர்ல கூடினப்போ, பழையபடி ஆகலை. ஹால்ல இருக்கிறவங்களும் போன்ல அதே சிஸ்டத்துக்குள்ள லாகின் பண்ணித்தான் பேச வரிசையில நிக்கணும். உள்ள இருக்கிறவருக்கும் வெளிய இருக்கிறவருக்கும் ஒரே வரிசை. கருத்துக் கேக்குறதும் பெரும்பாலும் அந்தக் கருவியிலதான். ஹால்ல 'ம்ம்'னு சொன்னா தூரத்துல இருக்கிறவரோட 'ம்ம்' சேராதே. தங்களோட செல்லப் பழக்கத்தையே பெரும்பாலும் விட்டுக் கொடுத்திருக்காங்க.

அதனால எங்க மன்றத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். ஆன்லைன் கூட்டத்தை ஹால் மாதிரி ஆக்க முயற்சி பண்ண வேண்டாம். 'விர்ச்சுவல் டீ பிரேக்' மாதிரி சோகம் உலகத்துல கிடையாது. கேமரா ஆன் பண்ணச் சொல்லி மிரட்டுறது அடுத்தது. தேதி முடிவு பண்றது, வெளியூர்ல இருந்து யாரையாவது பேசக் கூப்பிடுறது, எழுதினதை எல்லாரும் படிச்சுட்டு வந்து கருத்து சொல்றது, இதெல்லாம் ஆன்லைன்ல ஹாலை விட நல்லாவே நடக்கும். ஃபர்ஸ்ட் இயர் பசங்களை முதல் தடவை சேக்குறது, ஸ்கிரிப்டை வாய்விட்டு வாசிக்கிறது, சண்டையைத் தீக்குறது, இது மூணும் நேர்லதான். நேர்ல வைக்கிறதா இருந்தா மத்தியான இடைவேளையில, பஸ் பிரச்சனை இல்லாத நேரத்துல.

ரெண்டும் கலந்த கூட்டம்னா, ஹால்ல ஒரே லேப்டாப்பை மேசையில வச்சு "கேக்குதா, கேக்குதா"ன்னு கத்த வேண்டாம். ஒவ்வொருத்தரும் போன்ல உள்ள வரணும், ஸ்பீக்கரும் மைக்கும் ஒண்ணு மட்டும் (இல்லைன்னா ஊளை கேக்கும்). ஒருத்தரோட வேலையே ஆன்லைன்காரங்களுக்காக இடிச்சு இடிச்சு "இவங்களுக்கு ஏதோ சொல்லணுமாம்"னு நிறுத்துறது. கேள்வி கேட்டா "ஓகே தானே?"ன்னு கேக்கக் கூடாது, "இதுல என்ன தப்பு?"ன்னு கேக்கணும். கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணணும். பத்து செகண்ட் அமைதி மீட்ல எவ்வளவு கொடூரமா இருக்கும்னு ஒரு தடவை பண்ணிப் பாத்தாதான் தெரியும். நான் முதல் தடவை ஏழுல உடைஞ்சுட்டேன்.

வர்ற வெள்ளிக்கிழமை முதல் கலப்புக் கூட்டம். ரெண்டு மணிக்கு, செமினார் ஹால்ல. லிங்க் வாட்ஸ்அப் குரூப்ல இருக்கு. மூணு கையெழுத்துல ரெண்டு வாங்கியாச்சு. அஜெண்டால ஒரே ஒரு விஷயம்தான்: அந்த டவுன் பஸ் ஸ்கிரிப்டோட முதல் வாசிப்பு. எழுதினவ வர்றதா சொல்லியிருக்கா. நேர்லயா லிங்க்லயான்னு இன்னும் சொல்லல.